பத்து மணிக்குள்ள பதில்

இல்ல தம்பி, இதே வீடுதான், நீங்க சரியாத்தான் வந்திருக்கீங்க. கதவு நம்பர் மேலயே பெயிண்ட் அடிச்சுட்டாங்க, அதான் தெரியல. வர்றவங்க எல்லாரும் முதல்ல எதுத்த வீட்டத்தான் தட்டுவாங்க. உள்ள வாங்க. ஹெல்மெட்ட அந்த ஸ்டூல்ல வைங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, மூச்சு வாங்குது பாருங்க. லிஃப்ட் ரிப்பேர் பாக்குறவன் வீட்டுக்கு லிஃப்ட் இல்ல. வர்றவங்க எல்லாம் இதச் சொல்லித்தான் சிரிப்பாங்க. நீங்களும் சிரிச்சுக்கோங்க.

உங்க கையில ஃபைலப் பாத்ததும் பயந்துட்டேன். என் பெரிய மகனோட பழைய கம்பெனியில இருந்துதான் யாரோ வந்துட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க புதுக் கம்பெனிக்காக வந்திருக்கீங்க, இல்லயா? ஆமா, பெரியவன் சொல்லியிருந்தான். ஒருத்தர் வருவாரும்மா, நான் இங்கதான் குடியிருக்கேனான்னு கேப்பாரு, கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவாரு, நீ பாட்டுக்குப் பயந்துக்கிட்டு நிக்காதேன்னான். என்ன நல்லாத் தெரியும் அவனுக்கு.

இன்னிக்குத்தான் கடைசியா? சாயங்காலத்துக்குள்ள நீங்க எழுதி அனுப்பலன்னா திங்கக்கெழம அவன உள்ள எடுக்க மாட்டாங்களா? அப்ப என் கையெழுத்துதான் பாக்கி.

ம்.

மணி என்ன ஆச்சு தம்பி? பத்தே முக்காலா. சரி. உக்காருங்க, தண்ணி குடிங்க. அவசரமில்லயே? இன்னும் நாலு வீடு இருக்கா? தரேன், கையெழுத்து தரேன், தர மாட்டேன்னா சொல்றேன். என் கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல, தேடிக்கிட்டே பேசுறேன். நீங்க கேளுங்க.

பதினாறு வருஷம். சொந்த வீடுதான், அவங்க அப்பா வாங்குனது. நான், பெரியவன், மருமக, பேரன். மருமக ஆஸ்பத்திரியில சீட்டு எழுதுற எடத்துல இருக்கா, காலையிலயே போயிட்டா. பேரன் பள்ளிக்கூடம். எனக்கு ஒரு பொண்ணும் இருக்கா, அவ கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கா. இப்ப நான் மட்டும்தான் வீட்டுல. நானும் சாமியும்.

பெரியவனப் பத்திச் சொல்லணுமா? உங்க தாள்ல அது இல்லயா? பரவால்ல, கேளுங்க. பதினொரு வருஷமா ஒரே கம்பெனி. இந்த ஊர்ல பாதி லிஃப்ட்டுக்குள்ள அந்தக் கம்பெனி பேருதான் போட்டிருக்கும், அவ்ளோ பெருசு. யாராவது உள்ள மாட்டிக்கிட்டா இவனுக்குத்தான் போன் வரும். சாப்பிட்ட கையோட ஓடுவான். ஒரு தடவ நான் கேட்டேன், போனதும் என்னடா பண்ணுவேன்னு. பூட்டுன கதவுக்கு வெளிய உக்காந்து முதல்ல பேசத்தான் செய்வேம்மான்னான். உள்ள இருக்கவங்களப் பேச வைக்கணுமாம். வீடு எங்க, என்ன சமையல், புள்ளைங்க எத்தனன்னு என்னத்தயாவது கேட்டுக்கிட்டே இருக்கணுமாம். பயந்துபோனவங்க பேசுறத நிறுத்துனாத்தான் மூச்சு முட்டுமாம். பேசிக்கிட்டே இருக்க வரைக்கும் ஒண்ணும் ஆகாதாம். அதுக்குள்ள இவன்கூட வந்த ஆளு மேல மிஷின் ரூமுக்கு ஏறி, சக்கரத்தக் கையால சுத்தி லிஃப்ட்ட எறக்கிடுவாரு.

நானும் இப்ப அப்படித்தான் பேசிக்கிட்டே இருக்கேனோ என்னமோ. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

அந்தக் கம்பெனி வாசல்ல ஒரு போர்டு இருக்கு தம்பி. பத்து வருஷம் முடிச்சவங்க போட்டோவ வரிசையா கண்ணாடி போட்டு மாட்டியிருப்பாங்க. போன வருஷம் குடும்பத்தோட வாங்கன்னு கூப்புட்டப்ப நான் போனேன். என் புள்ள போட்டோ ரெண்டாவது வரிசையில. கட்டம் போட்ட சட்ட, நான் தேச்சுக் குடுத்தது. எனக்கு அப்படியே நெஞ்சு நெறஞ்சு போச்சு. ஆனா அவன் போட்டோவுக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியா இருந்துச்சு. காலின்னா எப்படி, சுவரு மத்த எடத்துல எல்லாம் பழுத்துப் போயிருக்கு, அந்தச் சதுரம் மட்டும் வெள்ள வெளேர்னு இருக்கு, நடுவுல ஒரு ஆணி ஓட்ட. இங்க யாருடான்னேன். இவரு போன வாரம் வேலைய விட்டுட்டாரும்மா, விடுறேன்னு எழுதிக் குடுத்த அன்னிக்கே கழட்டிடுவாங்கன்னான். சாதாரணமாச் சொன்னான். நான் அந்தச் சதுரத்தத் தொட்டுப் பாத்தேன். பத்து வருஷம் ஒரு மனுசன் இருந்துட்டு, கடைசியில ஒரு ஆணி ஓட்டையா?

அன்னிக்கே நான் வேண்டிக்கிட்டேன், ஆண்டவனே, என் புள்ளைக்கு அந்த வெள்ளச் சதுரம் வேண்டாம்னு.

அது என் போன்தான். அடிக்கட்டும் தம்பி. நீங்க எந்திரிக்காதீங்க. அது நின்னுடும்.

நின்னுடுச்சா? ம். மணி பதினொண்ணு ஆகியிருக்கும்.

என்ன கேட்டீங்க? ஏன் வேலைய விடுறானா? நல்லாக் கேட்டீங்க. சம்பளம்தான். வருஷா வருஷம் அந்தக் கம்பெனியில ஒரு கவர் குடுப்பாங்க. முதல் வரியில உங்கள் உழைப்பை மிகவும் மதிக்கிறோம்னு இருக்கும். ரெண்டாவது வரியில இந்த வருஷம் கம்பெனிக்கு ரொம்பக் கஷ்டம்னு இருக்கும். மூணாவது வரியில ஏதோ கொஞ்சம் ஏத்தியிருப்பாங்க, பால்காரர் ஏத்துறத விடக் கம்மி. இவன் அத ரேடியோ செய்தி மாதிரி கொரல மாத்திப் படிப்பான், பேரன் விழுந்து விழுந்து சிரிப்பான். நாங்களும் சிரிச்சுட்டு விட்டுடுவோம். பதினொரு கவர் அப்படிப் படிச்சாச்சு.

மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு புது ஆளு வந்து சேந்தாரு. இவன் வச்ச பேரு கண்ணாடிக்காரர். வெளிய வேற கம்பெனியில இருந்து எடுத்தது. அவருக்கு இவன்தான் வேல கத்துக்குடுக்குறான். எதையோ தப்பா அமுக்கி ஒரு நாள் அவரே லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாராம், இவன்தான் வெளிய உக்காந்து என்ன சமையல்னு கேட்டானாம். நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லக் கூடாது. அவரு ஏதோ படிவம் ரொப்ப இவன்கிட்ட உதவி கேட்டு, தன் சம்பளச் சீட்ட நீட்டியிருக்காரு. இவன் பாத்தான். அவ்ளோதான்.

வீட்டுக்கு வந்தான். கையக் கழுவுனான், சாப்புட்டான், தட்ட வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தான். என்னடான்னேன். ஒண்ணுமில்லம்மா, நான் கத்துக்குடுக்குற ஆளு என்ன விட ரெண்டு மாடி மேல இருக்காரு, நான் இன்னும் கீழயே நின்னு பட்டன அமுக்கிக்கிட்டு இருக்கேன்னான்.

அதுக்கு அப்புறம்தான் உங்க கம்பெனிக்குப் போனான். உங்க கம்பெனி இல்லயா? நீங்க வெறும் விசாரிக்க வர்ற ஆளா? எனக்கு எல்லாம் ஒண்ணுதான் தம்பி, மன்னிச்சுக்கோங்க. அங்க பேசுனாங்க, பிடிச்சுது, வாங்கன்னுட்டாங்க. இவன் பழைய கம்பெனியில விடுறேன்னு எழுதிக் குடுத்தான். குடுத்த ஒரு மணி நேரத்துல மேனேஜர் உள்ள கூப்புட்டு, நீ எதுக்குப் போற, அங்க குடுக்குறத நாங்களே குடுக்குறோம், இருந்துடுன்னாராம். எனக்கு அதக் கேட்டதும் போன உசுரு திரும்ப வந்துச்சு. பாத்தியா, நல்லவங்கடா, உன்ன விட மாட்டேங்குறாங்கடான்னேன்.

அவன் என்னப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சான். அம்மா, ஒரு மணி நேரத்துல குடுக்க முடிஞ்சத பதினொரு வருஷமா ஏன் குடுக்கலன்னு கேட்டான்.

உங்களுக்குத் தெரியுமா? பாத்தீங்களா, நீங்களே ஆபீசு ஆபீசாப் போறவரு, உங்களுக்கே தெரியல.

வேண்டாம் சார்னு வந்துட்டான். மறுநாள் இன்னும் கூடப் போட்டாங்க. பதவிப் பேர மாத்துறோம்னாங்க. நாம எல்லாம் ஒரே குடும்பம்னாராம் மேனேஜர். நான் அத நம்புனேன் தம்பி. மருமகதான் சிரிச்சா. குடும்பம்னா, பதினொரு வருஷமா உனக்கு வயிறு நெறஞ்சுதான்னு ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டாங்களா அத்தைன்னா. வாய் ஜாஸ்தி அவளுக்கு. ஆனா கேட்டது நியாயம்தான்.

எனக்குத்தான் ஒரு மாசமா தூக்கமில்ல. பழைய எடம்னா எந்த மூலையில என்ன இருக்குன்னு தெரியும். புது எடம் எப்படியோ. மூணு மாசத்துல வேண்டாம்னுட்டா? அந்தக் கம்பெனியே மூடிட்டா? திரும்பிப் போனா இவங்க கேட்டுல கூட நிக்க விடுவாங்களா? போட்டோவத்தான் கழட்டிட்டாங்களே. இதெல்லாம் அவன்கிட்டக் கேட்டேன். காலையில கேட்டேன், சாப்பிடுறப்பக் கேட்டேன். பொறுமையா எல்லாத்துக்கும் பதில் சொல்லுவான், பாவம். கடைசியில ஒரு நாள் சொன்னான், அம்மா, நீ கேக்குறது என்னப் பத்தி இல்ல, அப்பாவப் பத்தின்னு.

அவங்க அப்பா கதைய யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ, நாளைக்குப் பாக்கப் போறதில்ல, அதான் வருது. கண்ணாடி இன்னும் கெடைக்கல, இருங்க.

அவரு பெரிய காகித ஆலையில ஃபிட்டர். மிஷின் ஓடுற சத்தத்தக் கேட்டே எந்தச் சக்கரத்துல பல்லு தேஞ்சிருக்குன்னு சொல்லுவாரு. வேற ஆலையில இருந்து கூப்புட்டாங்க, நல்ல சம்பளம், போறேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அப்ப அந்த ஆலை முதலாளியோட ஆளு, பெரிய அதிகாரி, கார்ல அப்ப நாங்க இருந்த வாடகை வீட்டுக்கே வந்துட்டாரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த நாற்காலிதான். நாங்களே ஏத்தித் தரோம், இருந்துடுங்கன்னாரு. எங்க வீட்டுக்காரர் திரும்பி என்னப் பாத்தாரு. நான் அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன், இடுப்புல பெரியவன். அவ்ளோ பெரிய மனுசன் நம்ம வீட்டுக்கு வந்து கெஞ்சுறாரேன்னு எனக்கு ஒரே பயம், ஒரே பெருமை. இருந்துடுங்களேன்னேன்.

இருந்துட்டாரு.

சொன்ன மாதிரி ஏத்திக் குடுத்தாங்க, அதுல பொய் இல்ல. அடுத்த வருஷம் எல்லாருக்கும் ஏத்துனாங்க, இவருக்கு இல்ல. உங்களுக்குத்தான் அப்பவே குடுத்தாச்சேன்னாங்க. அதுக்கு அடுத்த வருஷமும் அதே பேச்சு. அப்புறம் மிஷின விட்டு எடுத்து, கழிவுக் காகிதம் எடை போடுற கொட்டகையில உக்கார வச்சாங்க. ஒரு தடவ போறேன்னு சொன்னவரு, மிஷின நம்பி எப்படிக் குடுக்குறதுன்னாங்களாம். தம்பி, பத்தொம்பது வருஷம். மிஷின் சத்தம் கேக்காத கொட்டகையில பத்தொம்பது வருஷம் அந்த மனுசன் லாரிய எடை மேடையில ஏத்தி எறக்கி நம்பர் எழுதுனாரு.

என்னத் திட்டி ஒரு வார்த்த சொன்னதில்ல. சொல்லியிருந்தாக்கூட சண்ட போட்டு ஆறியிருக்கும். ஒரே ஒரு நாள், ஜன்னலோரம் உக்காந்து கால் நகம் வெட்டிக்கிட்டு இருந்தாரு, தலைய நிமுத்தாமயே சொன்னாரு, அன்னிக்கு அந்தப் பக்கம் போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு. என்னக் கேக்கல, நகத்தக் கேக்குற மாதிரி. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். மடிச்சுக்கிட்டே இருந்தேன்.

அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு.

மறுபடியும் அடிக்குது. ஆமா, அவன்தான். பேரு தெரியுது பாருங்க, பெரியவன்னு. எடுக்க மாட்டேன் தம்பி. எடுங்க எடுங்கன்னு சொல்லாதீங்க. அத அந்தத் தலகாணிக்கு அடியில வச்சுடுங்க, தயவு செஞ்சு. ஆங், அப்படித்தான்.

ஏன்னா, இன்னிக்கு அவனுக்கு அங்க கடைசி நாள். பதினொரு மணிக்கு எல்லாரையும் பட்டறையில கூட்டி, டீ குடுத்து, வழியனுப்புவாங்களாம். மேனேஜரு நாலு வார்த்த பேசுவாராம். நேத்து அவனோட ரெண்டு யூனிஃபாரத்தையும் நான்தான் தொவச்சுத் தேச்சு மடிச்சு வச்சேன், திருப்பிக் குடுக்கணும்ல. பையில டூல்ஸ எல்லாம் அடுக்குனான். ஒரு ஸ்பேனரக் கையில வச்சுப் பாத்துட்டு உள்ள போட்டான். காலையில சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நின்னு, எப்படிம்மா இருக்குன்னான். கண்ணு அப்படி ஒரு தெளிவு. அவன அந்த மாதிரி நான் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு. கூட வேல செய்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டானாம், காசுக்காகப் பயம் காட்டுறவன் நான் இல்ல, போறேன்னா போறேன், கடைசி நேரத்துல கூடப் போட்டாங்கன்னு உக்காந்துடுற ஆளு நான் இல்லன்னு. அங்க அப்படி நெறய பேரு இருக்காங்களாம். வேற கம்பெனி லெட்டரக் காட்டிக் கூடக் காசு வாங்கிட்டு உக்காந்துடுவாங்களாம். அவங்களப் பாத்து மத்தவங்க முதுகுக்குப் பின்னாடி சிரிப்பாங்களாம்.

இந்தா, கண்ணாடி. சாமி படத்துக்குப் பக்கத்துலயே இருந்திருக்கு. காலையில கழட்டி வச்சது.

காலையில அங்கதான் நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். அவன் குளிக்கப் போயிருந்தான், போன என் பக்கத்துல அலமாரியில வச்சுட்டுப் போனான். நான் கண்ண மூடிக்கிட்டு, ஆண்டவனே, என் புள்ள போகாம இருக்க ஒரு வழி காட்டேன், ஒரே ஒரு வழின்னு சொன்னேன். சொல்லி வாய மூடல, போன் டிங்குன்னுச்சு. கண்ணத் தொறந்தா வெளிச்சம் போட்டு நிக்குது. பழைய கம்பெனியில இருந்து மெசேஜ். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். இதுவே எங்கள் கடைசி வாய்ப்பு, இன்று காலை பத்து மணிக்குள் பதில் தந்தால் உங்கள் ராஜினாமா ரத்தாகும்னு போட்டிருந்துச்சு. கீழ ரெண்டு கட்டம். பச்சையில இருக்கிறேன். செவப்புல செல்கிறேன். பேரன் பொறந்த நாளுதான் அந்தப் போனுக்குப் பூட்டு, அது இந்த வீட்டுக்கே தெரியும்.

பச்சைய நான்தான் அமுக்குனேன்.

ஒரு நிமிஷம் கூட ஆகல. நன்றின்னு வந்துச்சு, ஒரு பூவு படம் போட்டு. நான் போன இருந்த எடத்துலயே வச்சுட்டு விட்ட வேலையப் பாக்கப் போயிட்டேன். அவன் வந்தான், எடுத்துப் பையில போட்டான், போயிட்டு வரேம்மான்னான். போயிட்டு வாப்பான்னேன்.

ஏன் தம்பி பேனாவ மூடிட்டீங்க? இத எழுதப் போறீங்களா? எழுதாதீங்க. அவன் மேல ஒரு தப்பும் இல்ல, அவன் உங்க புதுக் கம்பெனிக்கு வரத்தான் போறான், எழுதாதீங்க தம்பி. உங்க தாள்ல அதுக்கு எடமே இல்லயா? நாலு கேள்விதானா? அப்பாடா. நல்ல தாளு.

தெரியாமச் செய்யல. அந்தக் கொட்டகையப் பத்தொம்பது வருஷம் பாத்தவ நான். இருந்துடுங்களேன்னு சொன்ன வாயி இதே வாயி. எல்லாம் தெரிஞ்சும் வெரல் போயி அமுக்கிடுச்சு. பயம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது தம்பி, வெரல் மட்டும் தெரியும். அவன் பஸ் ஏறுன அப்புறம்தான் நெஞ்சுல அடிச்சுது, ஐயோ, பதினொரு மணிக்கு எல்லாரு முன்னாடியும் அந்த மேனேஜரு எந்திரிச்சு, இவன் போகல, நம்ம குடுத்தத ஏத்துக்கிட்டான், கை தட்டுங்கன்னு சொல்லுவாரேன்னு. என் புள்ள டீ கப்போட நிப்பானே. அந்தக் கண்ணாடிக்காரர் பாப்பாரே. எல்லாரும் உள்ளுக்குள்ள சிரிப்பாங்களே. பத்து மணிக்கு முன்னாடியே அவனக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம். போனக் கையில எடுத்து எடுத்து வச்சேன். தைரியம் வரல. மறுபடியும் போயி சாமி முன்னாடி நின்னேன். என்ன செய்யன்னு கேட்டேன். அப்பத்தான் நீங்க கதவத் தட்டுனீங்க.

காலையில அந்த மெசேஜ அனுப்புனது சாமின்னா, உங்கள அனுப்புனது யாரு? இல்ல, நீங்க ஆபீசுல அனுப்புனாங்கன்னுதான் சொல்லுவீங்க. நான் எனக்குள்ள கேட்டுக்குறேன்.

எங்க போடணும் கையெழுத்து? இந்தக் கோட்டுலயா? குடுங்க பேனாவ. உறவுமுறைன்னு போட்டிருக்கே, என்ன எழுத? தாயாருன்னா? அம்மான்னே எழுதுறேனே, தப்பில்லயே? இருங்க. ம், ஆச்சு. கொஞ்சம் கோணலா வந்துடுச்சு. என் கையெழுத்தே அப்படித்தான். இது இன்னிக்கே போயிடும்ல? சாயங்காலத்துக்குள்ள? நிச்சயமா? அவன் பேருக்கு நேரா சரின்னுதானே போடுவீங்க?

கேக்குதா? தலகாணிக்கு அடியில. மூணாவது தடவ.

எடுங்கன்னு சொல்றீங்க. எடுத்தா என்ன சொல்லுவான்னு தெரியாது. திட்ட மாட்டான். அவங்க அப்பா மாதிரிப் பேசாம இருந்துடுவானோன்னுதான். இன்னொரு தடவ அந்த மாதிரி ஒரு அமைதிய என்னால தாங்க முடியாது தம்பி. நீங்க போயிடாதீங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த நாற்காலியிலயே இருங்க. குடுங்க இப்படி.

ஹலோ. ம், அம்மாதான். பட்டறையிலயா இருக்க? எல்லாரும் இருக்காங்களா? சொல்லிட்டாரா? கை தட்டுனாங்களா?

நான்தாம்ப்பா. நீ குளிக்கப் போயிருந்தப்ப நான்தான் அமுக்குனேன். ஆமா. தெரிஞ்சுதான்.

கண்ணு. டேய். பேசுடா. என்ன சமையல்னாவது கேளுடா.

பேச வேணாம், சரி. நான் பேசுறேன், நீ கேளு. அந்தக் கையெழுத்து வாங்குறவரு வந்திருக்காரு, இங்கதான் உக்காந்திருக்காரு, போட்டுக் குடுத்துட்டேன். உறவுமுறை அம்மான்னு எழுதியிருக்கேன். திங்கக்கெழம நீ போற. உங்க மேனேஜரு இன்னும் அங்கதான் நிக்கிறாரா? எல்லாரும் நிக்கிறாங்களா? நல்லதாப் போச்சு. போன ஸ்பீக்கர்ல போட்டு அவரு கையில குடு. என் மகன் இல்ல, நான்தான் பதில் போட்டேன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி நானே சொல்றேன்.

இல்லப்பா, பயமாத்தான் இருக்கு. நீ குடு, நான் பேசிக்கிட்டே இருக்கேன்.